ஹெட் கழட்டின எஞ்சினை சுத்தம் பண்றது, சோதிச்சுப் பார்க்கிறது: போட்டுக்காரங்களும் வண்டிக்காரங்களும் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போட்டு எஞ்சினும் மீன் லோடு வண்டியும்தான் என் பொழப்பு. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கரையில கிடக்கும், அப்பத்தான் எல்லாரும் ஹெட்டைத் தூக்குவாங்க. சம்மாட்டி (போட்டு முதலாளி), டிரைவர், புதுசா வேலை கத்துக்கிற தம்பிங்கன்னு யார் வந்து கேட்டாலும் சுத்திச் சுத்தி இதே சந்தேகங்கள்தான் வருது. அவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டு எழுதியிருக்கேன். அளவு வர்ற இடத்துல எல்லாம் உங்க எஞ்சின் மேனுவல்ல இருக்கிறதுதான் கணக்கு, நான் சொல்றது பொதுவா வர்ற அளவு.

அண்ணே, ஹெட் கேஸ்கெட்னா என்ன? அது போச்சுன்னா எப்படித் தெரியும்?

சிலிண்டர் எல்லாம் இருக்கிற எஞ்சின் உடம்புதான் பிளாக், அது மேல மூடி மாதிரி உட்கார்றது ஹெட், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தகடு அது, பேக்கிங்னும் சொல்லுவாங்க. சிலிண்டருக்குள்ள வெடிக்கிற கேஸ், கூலிங் தண்ணி, ஆயில் இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம பிரிச்சு வைக்கிறது அதோட வேலை. எந்த ரெண்டுக்கு நடுவுல விட்டுச்சோ அதுக்கேத்த அறிகுறி வரும். கேஸ் தண்ணிக்குள்ள போனா ரேடியேட்டர்ல, இல்லன்னா தண்ணி டேங்குல குமிழ் குமிழா கிளம்பும், ஹோஸ் கல்லு மாதிரி இறுகிக்கும். தண்ணி சிலிண்டருக்குள்ள போனா சைலன்சர்ல வெள்ளைப் புகை. தண்ணியும் ஆயிலும் கலந்தா டிப்ஸ்டிக்ல பால் காப்பி கலர்ல வழவழன்னு வரும். ரெண்டு சிலிண்டருக்கு நடுவுல மட்டும் விட்டிருந்தா தண்ணியும் குறையாது ஆயிலும் கெடாது, எஞ்சின் தட்டித் தட்டி ஓடும், இழுவை இருக்காது.

பழைய பேக்கிங்கை எடுத்துட்டு புதுசு போட்டா வேலை முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு இத்தனை நாள் கேட்கிறீக?

கேஸ்கெட் தானா போறது ரொம்ப அபூர்வம். ஏதோ ஒண்ணு அதைக் கெடுத்திருக்கு, பெரும்பாலும் சூடு. கடல் தண்ணி இழுக்கிற குழாயில பாசியோ சொறியோ (ஜெல்லி மீன்) பாலித்தீன் பையோ அடைச்சிருக்கும், இல்ல தண்ணி பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ரெக்கை பிஞ்சிருக்கும், இல்ல கடல் தண்ணியால எஞ்சின் தண்ணியை ஆற வைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய் உப்பு கட்டி பாதி மூடியிருக்கும். மன்னார் வளைகுடா பக்கம் பாசி கரை ஒதுங்குற சீசன்ல இப்படி அடைச்சு வர்ற எஞ்சின் நிறையப் பார்க்கிறேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்காம புதுத் தகடு போட்டா அதுவும் அதே சூட்டுல அதே இடத்துல போகும். வேலை பாதி சுத்தம் பண்றதுல இருக்கு, பாதி பார்க்கிறதுல இருக்கு, தகடை வச்சு இறுக்கிறது கடைசி ஒரு மணி நேர வேலை.

கழட்டும்போது எதுல கவனமா இருக்கணும்?

எஞ்சின் முழுசா ஆறின பிறகுதான் போல்ட்ல கை வைக்கணும். சூட்டோட கழட்டினா, அதுவும் அலுமினிய ஹெட்டா இருந்தா, வளைஞ்சு போகும். தண்ணியை முழுசா வடிச்சிடுங்க. இறுக்கும்போது நடுவுல இருந்து வெளிய போவோம், கழட்டும்போது வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு, ஒரேயடியா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும்.

புஷ்ராடு, ராக்கர், வால்வு எல்லாம் எந்த இடத்துல இருந்துச்சோ அந்த இடத்துக்கே போகணும். ஒரு அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு நம்பர் எழுதி வரிசையா சொருகி வைங்க. போன்ல போட்டோ எடுத்துக்கிட்டே போங்க, காசா பணமா.

ஹெட்டைத் தூக்கினதும் முதல்ல எதை சுத்தம் பண்றது?

எதையும் சுத்தம் பண்ணாதீங்க, முதல்ல பாருங்க. தம்பிங்க செய்ற பெரிய தப்பே இதுதான், ஹெட்டைத் தூக்கினவுடனே டீசல்ல முக்கின பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைச்சிடுறாங்க, எங்கிட்டு விட்டுச்சுங்கிற தடயம் அதோட போயிடும்.

பழைய கேஸ்கெட்டை முழுசா எடுத்து வெயில்ல பிடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க. சிலிண்டரைச் சுத்தி இருக்கிற இரும்பு வளையத்துல கருப்புக் கோடு வெளிய ஓடியிருந்தா கேஸ் அங்கதான் தப்பிச்சிருக்கு. அடுத்து பிஸ்டன் தலையெல்லாம் வரிசையா பாருங்க. ஆறுல அஞ்சு கரி பிடிச்சு கருப்பா இருக்கும், ஒண்ணு மட்டும் கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும். தண்ணி உள்ள வந்து ஆவியாகி அந்தக் கரியை உரிச்சு எடுத்திருக்கு, நீங்க தேடுற சிலிண்டர் அதுதான். ஒரு பிஸ்டன்ல மட்டும் ஈரமான ஆயில் கரி கெட்டியா படிஞ்சிருந்தா ரிங்கோ வால்வு கைடோ தேய்ஞ்சிருக்கு. பிஸ்டன் தலையில ஒரு இடம் மட்டும் அரிச்ச மாதிரி இருந்தா அந்த சிலிண்டரோட இன்ஜெக்டர் நோசில் டீசலை சரியா தூவாம ஒழுக விடுதுன்னு சந்தேகப்படணும். எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அப்புறம் துணியை எடுங்க.

பழைய தகடு ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது. கிரைண்டர்ல சாஃப்ட் டிஸ்க் மாட்டி ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாமா?

வேண்டாம். வேணாம்னு சொன்னா நிறைய பேருக்குக் கோவம் வருது, ஏன்னா அந்த நார் டிஸ்க் சீக்கிரமா எடுக்குது, பளபளன்னும் ஆகுது. ஆனா அந்த டிஸ்க்ல இருக்கிறது அலுமினியம் ஆக்சைடு பொடி, எமரி தாள்ல இருக்கிற அதே சரக்கு. அது பறந்து ஆயில் ஓட்டையிலயும் சிலிண்டர்லயும் விழும், கண்ணுக்கே தெரியாது, ஆயிலோட சுத்தி மெயின் பேரிங்ல போய் பதிஞ்சு, பிஸ்டனால சுத்துற கிராங்க் தண்டை அறுக்கும். ஹெட் வேலை முடிஞ்சு நல்லா ஓடின எஞ்சின் கொஞ்ச நாள்ல பேரிங் போய் வந்தா நான் முதல்ல கேட்கிற கேள்வியே எதை வச்சு சுத்தம் பண்ணீங்கன்னுதான். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன்னோட மெக்கானிக்குகளுக்கு இதே விஷயத்துக்காக தனியா சர்வீஸ் எச்சரிக்கையே கொடுத்திருக்கு.

இன்னொண்ணு, டிஸ்க் ஒரே அளவா தேய்க்காது, மிருதுவான அலுமினியத்துல பள்ளம் விழும். கேஸ்கெட் ரிமூவர் ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, அலுமினியத்துக்கு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், வார்ப்பு இரும்பு பிளாக்குக்கு கூர்மையான பிளேடைப் படுக்க வச்சு தள்ளுங்க. மிச்சத்துக்கு பிரேக் கிளீனர். பழைய எஞ்சின்ல இருந்து வர்ற தகடுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதை காய்ஞ்ச நிலையில சுரண்டிப் பொடியாக்காதீங்க, நனைச்சு எடுங்க, மூக்கைக் கட்டிக்கோங்க. பொறுமை வேணும் அண்ணே, அவ்வளவுதான்.

பிஸ்டன் மேல இருக்கிற கரியை எடுத்தா அது ரிங் இடுக்குல விழாதா?

விழும், அதனாலதான் கிரீஸ். எந்த பிஸ்டனை சுத்தம் பண்றோமோ அதை மேல கொண்டு வந்து, பிஸ்டனுக்கும் லைனருக்கும் (சிலிண்டர் உள்சுவரா இருக்கிற குழாய்) நடுவுல இருக்கிற இடுக்குல விரலால சுத்தி கிரீஸ் தடவி விடுங்க. மத்த சிலிண்டரையும் ஆயில், தண்ணி ஓட்டைகளையும் துணி வச்சு அடைச்சிடுங்க, எத்தனை துணி வச்சீங்கன்னு எண்ணி வைங்க. பித்தளை இல்லன்னா மரத் துண்டால சுரண்டுங்க, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். முடிஞ்சதும் பிஸ்டனைக் கொஞ்சம் கீழ இறக்கினா கரியோட சேர்ந்து கிரீஸ் லைனர்ல ஒரு வளையமா ஒட்டி நிக்கும், அதைத் துடைச்சு எடுத்துடலாம்.

ஒரு எச்சரிக்கை. வெட் லைனர், அதாவது லைனரைச் சுத்தி நேரா கூலிங் தண்ணி நிக்கிற எஞ்சின்ல ஹெட் இல்லாதப்ப லைனரைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்ல. அப்படியே கிராங்க்கை சுத்தினா லைனர் பிஸ்டனோட மேல எழும்பும், அடியில இருக்கிற ஓ-ரிங் போகும், அப்புறம் தண்ணி நேரா அடியில ஆயில் நிக்கிற சேம்பருக்குத்தான். சுத்துறதுக்கு முன்னாடி தடிமனான வாஷர் போட்டு போல்ட்டால லைனரை அமுக்கிப் பிடிச்சுக்கோங்க.

காஸ்டிக் சோடா தண்ணில போட்டா எல்லா அழுக்கும் கழண்டுடும்னு சொல்றாக, போடலாமா?

வார்ப்பு இரும்பா இருந்தா போடலாம், அலுமினியம்னா கூடவே கூடாது. காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னுடும், நுரை பொங்கி ஹெட்டு பொத்தல் பொத்தலா வரும், அதுல வர்ற கேஸும் தீப்பிடிக்கிற கேஸ். சந்தேகம்னா ஒரு காந்தத்தை வச்சுப் பாருங்க, ஒட்டலைன்னா காஸ்டிக் பக்கமே கொண்டு போகாதீங்க.

ஜெட்டி பக்கம் கச்சான் காத்துல மண்ணா பறக்குது, போட்டுலயே வச்சு வேலை பார்க்கலாமா?

பார்க்கத்தான் வேண்டியிருக்கு, அத்தனை பெரிய எஞ்சினை எல்லாம் ஷெட்டுக்குத் தூக்கிட்டு வர முடியாது. ஆனா திறந்த பிளாக்கை ஒரு நிமிஷம் கூட மூடாம விடாதீங்க. தார்ப்பாய் கட்டுங்க, டீ குடிக்கப் போனாக்கூட பிளாக் மேல சுத்தமான பாலித்தீன் போட்டு மூடிட்டுப் போங்க. கடற்கரை மணலும் எமரிப் பொடியும் பேரிங்குக்கு ஒண்ணுதான்.

மணலை விட மோசம் உப்புக் காத்து. சுத்தமா துடைச்ச லைனர் நம்ம ஊர்ல ஒரே ராத்திரியில செம்பட்டையா துரு பிடிக்கும். சாயங்காலம் வேலையை நிறுத்தும்போது லைனர், பிளாக் முகம், வால்வு சீட் எல்லாத்துலயும் எஞ்சின் ஆயில் ஒரு கை தடவிட்டுப் போங்க. தகடு வைக்கிறதுக்கு முன்னாடி மேல் முகத்துல இருக்கிற ஆயிலை பிரேக் கிளீனர்ல துடைச்சுக்கலாம்.

ஹெட் வளைஞ்சிருக்கா இல்லையான்னு கண்ணால பார்த்தா தெரியுமா?

தெரியாது. வளையாத நேரான பட்டை, அதாவது ஸ்டிரெயிட் எட்ஜ் வேணும், இடுக்கு அளக்கிற மெல்லிசு தகடுக் கட்டு, அதாவது ஃபீலர் கேஜ் வேணும். ஹெட் முகம் நல்லா சுத்தமா இருக்கணும், ஒரு துளி பழைய தகடு ஒட்டியிருந்தாலும் கணக்கு தப்பும். பட்டையை முகத்துல வச்சு அடியில ஃபீலர் நுழையுதான்னு பாருங்க: நீளவாக்குல ரெண்டு ஓரமும் நடுவும், குறுக்கால ஒவ்வொரு சிலிண்டருக்கு நடுவுலயும், அப்புறம் மூலைக்கு மூலை ரெண்டு தடவை. நிறைய சின்ன எஞ்சினுக்கு 0.05 மி.மீ. ஃபீலர் உள்ள போச்சுன்னாலே யோசிக்கணும், பெரிய டீசல் ஹெட்டுக்கு 0.10 வரைக்கும் விடுறாங்க. ஒரு தலைமுடி கனம்தான் மொத்தக் கதையும். அலுமினியம் சூட்டுக்கு வார்ப்பு இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், இரும்பு பிளாக் மேல அலுமினிய ஹெட் போட்ட வண்டிங்க ஒரு தடவை கொதிச்சாலே இந்தச் சோதனையை விடாதீங்க.

ஹெட்டை மட்டும் பார்த்துட்டு நிறுத்திடுறாங்க. பிளாக் முகத்தையும் இதே மாதிரி பார்க்கணும்.

எதுக்கும் லேத்துல கொடுத்து முகத்தைச் சீவி ஒரு ஃபேசிங் அடிச்சிடலாமே, நல்லதுதானே?

தேவைப்பட்டா மட்டும். ஹெட்டுல இருந்து சீவினா வால்வு பிஸ்டன் பக்கம் இறங்குது, டீசல்ல அந்த இடைவெளியே ரொம்பக் கம்மி, வால்வு பிஸ்டன்ல தட்டும். எவ்வளவு வரைக்கும் சீவலாம், ஹெட்டோட கம்மியான உயரம் எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும், சில ஹெட்டை சீவவே கூடாதுன்னு கம்பெனியே சொல்லியிருக்கும். சீவின பிறகு வால்வு முகம் எவ்வளவு உள்ள இருக்குன்னு அளந்து, தேவைன்னா சீட்டையும் இறக்கணும். சில டீசல் எஞ்சினுக்கு தகடே ரெண்டு மூணு கனத்துல வரும், ஓரத்துல இருக்கிற வெட்டு இல்லன்னா ஓட்டை எத்தனைன்னு பார்த்து கனத்தைத் தெரிஞ்சுக்கலாம், பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்வளவு எட்டிப் பார்க்குதோ அதை வச்சு எதுன்னு முடிவு பண்ணணும்.

விரிசல் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ரெண்டு வால்வு சீட்டுக்கு நடுவுல, வால்வு சீட்டுக்கும் இன்ஜெக்டர் ஓட்டைக்கும் நடுவுல, இங்கதான் முதல்ல வரும். சிவப்பு டை அடிச்சு, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமா துடைச்சு, மேல வெள்ளை டெவலப்பர் அடிச்சா விரிசல் இருக்கிற இடத்துல சிவப்புக் கோடு தானா வெளிய வரும். ஆனா உள்பக்கம் தண்ணி ஓடுற பாதையில இருக்கிற விரிசல் இதுல தெரியாது. அதுக்கு தண்ணி ஓட்டையெல்லாம் பிளேட் போட்டு அடைச்சு, காத்து ஏத்தி, வெந்நீர் தொட்டியில முக்கி குமிழ் வருதான்னு பார்க்கணும், மதுரைப் பக்கம் பெரிய லேத்துல பண்ணித் தருவாங்க. கொதிச்ச எஞ்சின்னா இந்தச் செலவை யோசிக்காதீங்க.

வால்வு லீக் இருக்கான்னு வீட்டுலயே பார்க்க முடியுமா?

ஹெட்டைத் தலைகீழா சமமா வச்சு, ஒவ்வொரு வால்வு மேலயும் மண்ணெண்ணெய் ஊத்தி, போர்ட் பக்கம் கசியுதான்னு பாருங்க. கசிஞ்சா கழட்டி கிரைண்டிங் பேஸ்ட் போட்டு தேய்க்கணும், தேய்ச்ச பிறகு அந்த பேஸ்ட் ஒரு பொட்டு இல்லாம கழுவணும். காரணம் மேல டிஸ்க் பத்தி சொன்ன அதேதான்.

லைனரைப் பார்த்தே ரிங் மாத்தணுமா வேண்டாமான்னு சொல்லிட முடியுமா?

ஓரளவு. லைனர்ல குறுக்கும் நெடுக்குமா ஹோனிங் கோடு இன்னும் தெரிஞ்சா நல்லது. கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்தா ஆயில் நிக்காது. நகத்தை மேல இருந்து கீழ இழுத்துப் பாருங்க, மேல் ரிங் வந்து திரும்புற இடத்துல படி மாதிரி நகம் தடுக்கினா தேய்மானம் அதிகம், போர் கேஜ் வச்சு அளந்து முடிவு பண்ணணும். நெட்டுக்குத்தா கோடு விழுந்து நகத்துல மாட்டுச்சுன்னா அது சூட்டுல பிஸ்டன் பிடிச்ச அடையாளம், வெறும் ஹெட் வேலையோட முடியாது.

நேத்து கடல்லயே ஆயில் வெள்ளையாயிடுச்சு, இழுத்துட்டு வந்துட்டோம். அடுத்த வாரம் பிரிச்சுக்கலாமா?

இன்னைக்கே. ஆயில் வெள்ளையானா உள்ள தண்ணி கலந்துடுச்சு, கடல்ல ஓடுற எஞ்சின்ல அது கடல் தண்ணியா இருக்கலாம். ஒரு லிட்டர் கடல் தண்ணில ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கு. தண்ணி வடிஞ்சாலும் ஆவியானாலும் உப்பு உள்ளயேதான் இருக்கும், கிராங்க், பேரிங், கேம் எல்லாத்தையும் அரிச்சுக்கிட்டே இருக்கும். கெட்ட ஆயிலை வடிச்சு, ஃபில்டரைத் தூக்கிப் போட்டு, டீசலும் புது ஆயிலும் கலந்து ஊத்தி கையால சுத்தி வடிங்க, வெளிய வர்றது சுத்தமா வர்ற வரைக்கும். டீசல் ஊத்தின நிலையில ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க. இன்ஜெக்டரைக் கழட்டி சிலிண்டருக்குள்ளயும் ஆயில் விடணும், இன்ஜெக்டர் உள்ள இருக்கும்போது செல்ஃப் அடிச்சா பிஸ்டன் மேல நிக்கிற தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சுடும்.

ஹெட்டைத் தூக்கும்போது சேம்பரையும் கழட்டுங்க. ஆயில் பம்ப் வலையில சேறு கட்டியிருக்கும். ஒரு பிக் எண்ட் கேப்பைக் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கிற இடம்) கழட்டி உள்ள இருக்கிற பேரிங் ஷெல்லைப் பாருங்க, கருப்புப் புள்ளியும் சொரசொரப்பும் இருந்தா மத்த எல்லாத்தையும் கழட்டணும். கிராங்க் ஜர்னல்ல நகத்தை ஓட்டிப் பாருங்க, குழி தட்டுச்சுன்னா கிரைண்டிங். மூணு நாள் தொழில் போகுதேன்னு தள்ளிப் போட்டு கிராங்க்கையே இழந்த சம்மாட்டிங்க நம்ம ஜெட்டியிலயே இருக்காங்க, அந்த வயித்தெரிச்சலைப் பக்கத்துல இருந்து பார்த்ததாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

பழைய ஹெட் போல்ட்டையே போடலாமா?

மேனுவல்ல டிகிரி கணக்குல, அதாவது இத்தனை டார்க் (இறுக்குற விசை) வச்சு அப்புறம் இத்தனை டிகிரி திருப்புன்னு சொல்லியிருந்தா அது பெரும்பாலும் இழுபடுற போல்ட், ஒரு தடவைதான், புதுசு போடுங்க. மத்ததை நீளம் அளந்து, மரை பார்த்து, நடுவுல இளைச்சிருக்கான்னு பார்த்து போடலாம். துரு தின்ன போல்ட் எதுவா இருந்தாலும் வேண்டாம்.

போல்ட்டை விட ஓட்டை முக்கியம். பிளாக்ல அடி மூடின ஓட்டைக்குள்ள தண்ணியோ ஆயிலோ தேங்கியிருக்கும்போது போல்ட்டை இறுக்கினா அது போக வழியில்லாம பிளாக்கையே பிளந்துடும், அப்படி ஆகலைன்னாலும் டார்க் பொய்யா காட்டும். ஏர் அடிச்சு சுத்தமா ஊதுங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க. மரையை சுத்தம் பண்ண வெட்டுற டேப் வேண்டாம், மரை சுத்தம் பண்றதுக்குன்னே சேஸர் வருது, கிடைக்கலைன்னா பழைய போல்ட்டுல நீளவாக்குல ஒரு காடி வெட்டி அதை விட்டு எடுங்க.

தகடுல கோந்து தடவலாமா?

மேனுவல் சொன்ன இடத்துல மட்டும், மத்தபடி வெறுந் தகடுதான். எது மேல் பக்கம்னு தகடுலயே எழுதியிருக்கும், ஆயில் ஓட்டை மேல ஓட்டை உட்காருதான்னு ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டு மாட்டுங்க.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணேன், ரெண்டாவது தடவையும் அதே சிலிண்டர்லயே போயிடுச்சு. ஏன்?

ஒரே சிலிண்டர்ல திரும்பப் போனா தகடைக் குறை சொல்றதுல அர்த்தமில்ல. வெட் லைனரா இருந்தா அந்த லைனர் பிளாக்குக்கு மேல எவ்வளவு எழும்பி நிக்குதுன்னு டயல் கேஜ் வச்சு அளங்க. மத்த லைனரை விட இது தாழ்ந்திருந்தா தகடோட வளையத்துல அமுக்கம் விழாது, கேஸ் அந்த வழியா வந்துடும். லைனர் உட்கார்ற படியில துருவோ பழைய அழுக்கோ இருந்தாலும் அளவு மாறும், சில நேரம் படியே உப்புல அரிச்சிருக்கும், அதை லேத்துல சரி பண்ணி ஷிம் (மெல்லிசு வளையத் தகடு) போடணும்.

லைனர் சரின்னா அந்தப் பக்கத்து போல்ட் மரை தளர்ந்திருக்கா, டை-ல தெரியாத உள் விரிசல் இருக்கா, அந்த சிலிண்டர் நோசில் எப்படித் தூவுதுன்னு பாருங்க. அப்புறம் தண்ணி பாதை. பிளாக்குக்குள்ள கடைசி சிலிண்டர் பக்கம்தான் சேறும் துருவும் போய்த் தேங்கும், அந்தப் பக்கத்துல தண்ணி பாதையை மூடுற கோர் பிளக்கைக் கழட்டி கம்பி விட்டுப் பாருங்க. வெளிய இருந்து பார்த்தா தண்ணி நல்லா சுத்துற மாதிரிதான் இருக்கும், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் தனியா வெந்துக்கிட்டு இருக்கும்.

மாட்டி முடிச்சாச்சு. எந்தத் தண்ணி ஊத்தணும், எப்ப தொழிலுக்குப் போகலாம்?

நம்ம ராமேஸ்வரம் தீவுல போர் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் பல இடத்துல உப்பு. பேட்டரி தண்ணி வாங்கி கூலன்ட் கலந்து ஊத்துங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல உப்பு அரிப்பைத் தான் வாங்கிக்கிற ஜிங்க் ராடு இருந்தா அதையும் இப்பவே பாருங்க, பாதி கரைஞ்சிருந்தா புதுசு.

புது ஆயில், புது ஃபில்டர். டீசல் கட் பண்ணிட்டு ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிச்சு, அப்புறம் ஸ்டார்ட். தண்ணியில இருக்கிற காத்து முழுசா வெளிய வரணும், இல்லன்னா ஹெட்டுல ஒரு மூலையில காத்து நின்னு அங்க மட்டும் சுடும். கரையில கட்டி வச்சே சூடேறுற வரைக்கும் ஓட விட்டு, ஆற விட்டு, பழைய மாடல் தகடா இருந்தா மேனுவல் சொல்ற மாதிரி திரும்ப டார்க் வச்சு டேப்பெட் (வால்வு இடைவெளி) சரி பண்ணுங்க. டிகிரி போல்ட்டைத் திரும்ப இறுக்காதீங்க. ஆயில்ல தண்ணி கலந்திருந்த எஞ்சின்னா இந்த முதல் ஆயிலை வடிச்சுட்டு இன்னொரு தடவை மாத்துங்க. முதல் தடவை தூரமா போகாம, பக்கத்துலயே லோடு குடுத்து ஓட்டிட்டு வந்து, தண்ணி அளவும் டிப்ஸ்டிக்கும் பாருங்க. ரெண்டும் அப்படியே இருந்தா அடுத்த நாள் வலையை ஏத்திக்கலாம்.